நண்பர்களோடு முதல் வட இந்தியப் பயணம்: தோளில் பையுடன் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

வட இந்தியாவை முதன்முறையாகச் சுற்றிவரக் கிளம்பும் நண்பர் குழுக்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கின்றன. பத்து நாட்களுக்குள் எட்டு ஊர்களைப் பார்த்துவிட நினைக்கின்றன. நானும் என் மூன்று நண்பர்களும் முதல் முறை போனபோது அதையேதான் செய்தோம். அது ஜனவரி மாதம். கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனி கவிந்திருந்தது. அதிகாலை நான்கு மணிக்கு வர வேண்டிய ரயில் பிற்பகல் ஒரு மணிக்கு வந்தது. மதியத்துக்கு முன்பே நாங்கள் ஏற வேண்டியிருந்த இணைப்பு ரயில் அடுத்த சந்திப்பில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. முன்பணம் கட்டிய அறையும் போயிற்று. நடைமேடையில் செய்தித்தாளை விரித்து, நால்வரும் ஒரே போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்த ஒன்பது மணி நேரத்தில்தான் பட்டியலில் இருந்த ஊர்களில் பாதியைப் பேனாவால் அடித்தோம். மிச்சமிருந்த ஊர்களில் கூடுதல் நாட்கள் தங்க முடிந்ததால், பயணம் அதன் பிறகே பயணமாக இருந்தது. பின்னர் மேற்கொண்ட பயணங்களிலும் கற்றுக்கொண்டவற்றைச் சேர்த்து, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன், அனைவரும் ஒரு முறையாவது நேரில் கூடிப் பேச வேண்டும். யாரால் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்; குழுவில் யாருடைய கையிருப்பு குறைவோ, அவருடைய அளவையே எல்லோருக்குமான அளவாகக் கொள்ள வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பயணத்தின் நடுவில் ஒருவர் மட்டும் "எனக்குப் பசியில்லை" என்று ஒதுங்கும் நிலை வருவது மிகவும் வருத்தமானது. அடுத்து, யார் அதிகாலையில் எழுவார், யாருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்த மருந்து தேவைப்படும், கோயில்களில் எவ்வளவு நேரம், கோட்டைகளில் எவ்வளவு நேரம் என்பவற்றையும் பேசிவிடுங்கள். ஒரு நாளாவது பிரிந்து சுற்றலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், விருப்பங்கள் மோதும் நாளில் மனக்கசப்பு வராது. மாலை ஆறு மணிக்கு எங்கே கூடுவது என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும்.

முதல் பயணத்துக்கு நான்கு பேர் மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து. கடைசி நேர முன்பதிவான தட்கலில் ஒரு டிக்கெட்டில் நான்கு பேருக்குத்தான் இடம் எடுக்க முடியும். ஒரு வாடகைக் காரில் நால்வர் அடங்குவர். கூடுதல் மெத்தை போட்டால் ஒரே அறையிலும் சமாளிக்கலாம். ஆறு பேரைத் தாண்டினால் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் ஒரு கூட்டமாகிவிடும்.

பொறுப்புகளையும் அன்றே பிரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுகள் ஒருவரிடமும், தங்குமிடம் மற்றொருவரிடமும், மருந்துப் பை மூன்றாமவரிடமும், பொதுப்பணம் நான்காமவரிடமும் இருக்கட்டும். பொதுப்பணம் என்பது புறப்படும்போதே ஆளுக்குச் சமமாகப் போட்டு, ஆட்டோ, சாப்பாடு, அறை ஆகிய பொதுச் செலவுகளுக்கு மட்டும் எடுக்கும் பணம். ஒவ்வொரு இரவும் கணக்கை எழுதிப் படித்துக் காட்டும் பழக்கம் இருந்தால், பணத்தால் நட்பு கெடாது. சென்னையிலிருந்து மூன்றாம் வகுப்பு ஏசியில் சென்று திரும்பி, பலர் ஒரே கூடத்தில் தங்கும் டார்மிட்டரிகளில் தங்கி, எளிய உணவு உண்டு, 14 நாட்கள் சுற்ற ஆளுக்கு 22,000 ரூபாய் அளவில் ஒதுக்கி, அவசரத்துக்கென்று 5,000 ரூபாயைத் தனியே தொடாமல் வைத்திருக்கச் சொல்வேன்.

எப்போது, எந்தத் திசையில்

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் இறுதி வரையும், பிப்ரவரி, மார்ச் மாதங்களும் புதியவர்களுக்கு ஏற்ற காலம். டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மே, ஜூன் மாதங்களில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இமாசலம், உத்தரகண்ட் மலைச்சாலைகளில் நிலச்சரிவு ஏற்படுவதுண்டு. அதே பருவத்தில், வட இந்தியரின் சாவன் மாதத்தில், கங்கை நீர் எடுக்க வரும் காவடி யாத்திரிகர்களால் ஹரித்துவார் நிரம்பி வழியும், சாலைகளிலும் போக்குவரத்து மாற்றங்கள் இருக்கும்.

திசைகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: காசி, சாரநாத், பிரயாக்ராஜ் ஆகியவை கொண்ட கங்கைப் பகுதி, ஹரித்துவார், ரிஷிகேஷ் அல்லது இமாசல ஊர்கள் கொண்ட மலைப் பகுதி, ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் கொண்ட பாலைப் பகுதி. டெல்லி இவற்றுக்கெல்லாம் நடுவில் நிற்கிறது. இரண்டு வாரம் கையில் இருந்தால் டெல்லி, ஆக்ராவோடு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாக நகரக்கூடிய குழுவாக இருந்தால் இரண்டு. பஞ்சாபின் அமிர்தசரஸை எதனோடும் இணைக்கலாம், டெல்லியிலிருந்து சதாப்தி ரயிலில் ஆறு மணி நேரம்தான் ஆகும்.

லடாக்கை முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு அங்கே முதல் இரண்டு நாட்கள் முழு ஓய்வு வேண்டும். அந்த இரண்டு நாட்களை ஒதுக்க முடியாதவர்கள் அவசரமாகப் போய்த் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறலோடு திரும்புகிறார்கள். மற்ற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது என்பதையும், போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரயில் டிக்கெட்

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்; தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். கன்னியாகுமரியிலிருந்து மதுரை, திருச்சி வழியாக நிஜாமுதீன் செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் தென் மாவட்டத்தவருக்கு வசதி. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. 2024 அக்டோபர் இறுதி வரை இது 120 நாட்களாக இருந்ததால், பழைய கணக்கில் சொல்பவர்களை நம்பி ஏமாற வேண்டாம். தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும், ஸ்லீப்பருக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். ரயில் டிக்கெட் எடுக்கும் தளமான ஐஆர்சிடிசியில் உள்ள கணக்கை ஆதாருடன் சரிபார்த்து வைத்திருந்தால்தான் தட்கல் எடுக்க முடியும் என்பதால், அந்த வேலையை வீட்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஆர்ஏசி, அதாவது படுக்கை உறுதியாகாமல் இருக்கை மட்டும் உறுதியான டிக்கெட், கிடைத்தால் தயங்காமல் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் உட்கார இடம் உறுதி. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் உள்ள அனைவரும், பயணிகளின் இறுதிப் பட்டியல் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால், டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும்; அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால், உங்கள் நிலையத்திலிருந்து ரயில் புறப்படுவதற்கு முன்பே ஐஆர்சிடிசியில் டிடிஆர் எனப்படும், பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவைப் பதிவு செய்தால் முழுப் பணமும் கிடைக்கும். எங்களுக்கு அன்று இது தெரிந்திருந்தால் நடைமேடையில் காத்திருக்காமல் பேருந்து பிடித்திருப்போம்.

வடக்கே சென்ற பிறகு எடுக்கும் உள்பயணங்களுக்கு, முதல் முறையாவது, மூன்றாம் வகுப்பு ஏசி எடுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஸ்லீப்பர் பெட்டிகளில் பகல் நேரத்தில் முன்பதிவில்லாதவர்களும் ஏறி அமர்வது வழக்கம். அவர்கள் பெரும்பாலும் வேலைக்கும் வீட்டுக்கும் போகும் எளிய மனிதர்கள்தாம் என்றாலும், பெரிய பைகளோடு இருப்பவர்களுக்கு நெருக்கடி தாங்காது. கீழ் இருக்கையின் அடியில் இரும்பு வளையங்கள் இருக்கும். சங்கிலியும் பூட்டும் கொண்டுபோய்ப் பைகளை அவற்றோடு சேர்த்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ரயிலில் எந்தச் சிக்கலுக்கும் 139, மற்ற எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

நிலையங்களின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். டெல்லியில் மட்டும் புது டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என நான்கு பெரிய நிலையங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. காசிக்குப் போகும் பல ரயில்கள் வாராணசி சந்திப்புக்குள் வராமல், முன்பு முகல்சராய் எனப்பட்ட பண்டித் தீன்தயாள் உபாத்யாய் சந்திப்பில் நிற்கும். அங்கிருந்து ஆட்டோவில் இன்னும் ஒரு மணி நேரம் போக வேண்டியிருக்கும். காசியிலேயே பனாரஸ் என்ற பெயரில் தனியாக ஒரு நிலையமும் உண்டு, அதன் பழைய பெயர் மண்டுவாடீஹ்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நாற்பதிலிருந்து ஐம்பது லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பையும், அன்றாடம் எடுத்துச் செல்ல ஒரு சிறு பையும் போதும். நிரப்பிய பிறகு பெரிய பை பத்து கிலோவுக்கு மேல் இருந்தால் பாதித் துணியை வெளியே எடுத்து வையுங்கள். பையை மாட்டிக்கொண்டு உங்கள் தெருவில் அரை மணி நேரம் நடந்து பார்த்தால், எதை விட்டுச்செல்ல வேண்டும் என்று தோளே சொல்லிவிடும்.

குளிரைத் தமிழ்நாட்டவர்கள் குறைத்து மதிப்பிடுகிறோம். ஊட்டிக் குளிரைப் பார்த்தவர்களும், டெல்லியில் ஜனவரி இரவில் வெப்பம் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும்போது, கல் தளமும் சூடேற்றும் வசதி இல்லாத அறைகளும் எப்படி எலும்பைத் தொடும் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை இரண்டு, ஒரு ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஒரு மேலங்கி, காதை மூடும் குல்லா, மூன்று ஜோடி கம்பளிக் காலுறை ஆகியவை வேண்டும். அறை எடுக்கும்போது கீசர் இருக்கிறதா, கூடுதல் ரஜாய் கொடுப்பார்களா என்று கேளுங்கள். ரஜாய் என்பது பஞ்சடைத்த கனமான போர்வை.

ஆதார் அசல், அதன் இரண்டு நகல்கள், சொந்தப் பூட்டு ஒன்று, டார்ச், ஓஆர்எஸ் பொட்டலங்கள், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரைகள் ஆகியவற்றை மறக்க வேண்டாம். யுபிஐ எங்கும் செல்லும் என்றாலும், மலையில் சிக்னல் போய்விட்டால் கைபேசியில் உள்ள பணம் உதவாது. ஐம்பதும் நூறுமாக மூவாயிரம் ரூபாயாவது ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

டெல்லியில் இறங்கிய முதல் மணி நேரம்

ஏமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். களைத்துப்போய் வெளியே வரும் உங்களிடம் ஒருவர் நயமாகப் பேசி, "நீங்கள் பதிவு செய்த ஹோட்டல் மூடிவிட்டது", "உங்கள் அடுத்த ரயில் ரத்தாகிவிட்டது, அரசுச் சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்பார். அது உண்மையான அலுவலகமாக இருக்காது. நில்லாமல் நடந்து, நேராக மெட்ரோவுக்குள் போய்விடுங்கள். புது டெல்லி நிலையத்தில் பஹாட்கஞ்ச் பக்கம் மலிவான விடுதிகள் இருக்கின்றன. மெட்ரோ நிலையம் அஜ்மேரி கேட் பக்கம் இருக்கிறது. மெட்ரோவில் ரயில் செல்லும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. நண்பர் குழுவில் பெண்கள் இருந்தால் எந்த நிலையத்தில் இறங்குவது என்று பேசிக்கொண்டு ஏறுங்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழு என்றால், சில விடுதிகள் அறை தர மறுப்பதால், பதிவு செய்யும் முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வது நல்லது.

இமாசலத்துக்கும் உத்தரகண்டுக்கும் செல்லும் அரசுப் பேருந்துகள் காஷ்மீரி கேட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஆக்ராவுக்குச் செல்லும் நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கக் கூடாது, அன்று தாஜ்மஹாலுக்கு விடுமுறை, டெல்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தாஜ்மஹாலுக்குள் பெரிய பைகளை விடமாட்டார்கள் என்பதால், ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்தின் பொருள் காப்பறையில் பூட்டிய பைகளை ஒப்படைத்துவிட்டு, சூரியன் உதிக்கும் வேளையில் கதவருகே நின்றுவிடுங்கள்.

காசியில் மூன்று நாட்கள்

காசிக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்குவோரிடம், அந்த ஒரு நாளையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு முறை வாருங்கள் என்றே சொல்வேன். அசி படித்துறையிலிருந்து தசாசுவமேதப் படித்துறை வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரை ஆற்றோரமாகவே நடக்கலாம். மழைக்காலத்தில் படிகள் மூழ்கிவிடுவதால் இந்த வழி துண்டிக்கப்படும். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். வழியில் வரும் அனுமன் படித்துறைப் பகுதி தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். பாரதியார் இளமையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அங்கேதான். சற்றுத் தள்ளிக் கேதார் படித்துறையில் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருட்களை "சம்போ மகாதேவா" என்று முழங்கியபடி எடுத்துச் செல்கிறார்கள். சந்துக்குள் அந்தத் தமிழ்க் குரலைக் கேட்ட நொடியில் எங்களில் ஒருவன் கண் கலங்கி நின்றுவிட்டான்.

அரிச்சந்திரா, மணிகர்ணிகா படித்துறைகளில் எரியும் சிதைகளைப் படமெடுக்காதீர்கள். அங்கே நிற்பவர்கள் தந்தையையோ தாயையோ வழியனுப்ப வந்தவர்கள். விறகு வாங்கத் தருமம் செய்யுங்கள் என்று கேட்டு நெருங்குவோர் வாங்கும் பணம் பெரும்பாலும் விறகுக்குப் போவதில்லை. விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை என்பதால், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது எளிது. படகில் ஏறும் முன் மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை பேருக்கு, எங்கே இறக்கிவிடுவார் என்ற மூன்றையும் பேசி முடியுங்கள்.

இந்தி எண்களில் ஒரு பொறி

மேற்சொன்ன படகு விஷயத்தில் நாங்கள் பட்டது இது. படகுக்காரர் "டாயி ஸௌ" என்றார். எங்களுக்கு "தோ ஸௌ" என்று காதில் விழுந்தது. இறங்கும்போது இருநூறைக் கொடுத்தோம். அவர் கோபப்பட, நாங்களும் குரலை உயர்த்த, படிக்கட்டில் தேநீர் விற்றுக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்து என் உள்ளங்கையில் ஈர விரலால் 250 என்று எழுதிக் காட்டினார். டாயி ஸௌ என்றால் இரண்டரை நூறு. அதேபோல் டேட் ஸௌ 150, ஸவா ஸௌ 125, ஸாடே தீன் ஸௌ 350. தவறு எங்களுடையது, மன்னிப்புக் கேட்டு மீதியைக் கொடுத்தோம். எண்ணைக் கைபேசியில் தட்டச்சு செய்து காட்டச் சொல்வதே பாதுகாப்பு. "கல்" என்ற சொல்லுக்கு நேற்று, நாளை என்ற இரண்டு பொருளும் உண்டு என்பதால், பேருந்து பற்றிக் கேட்கும்போது கிழமையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஆண்களை "பையா" என்றும் பெண்களை "தீதி" என்றும் அழைத்துப் பேசத் தொடங்கினால், உங்கள் இந்தி எவ்வளவு உடைந்திருந்தாலும் உதவி கிடைக்கும்.

சாப்பாடும் உடம்பும்

முதல் மூன்று நாட்கள் சப்பாத்தியும் பருப்பும் நன்றாகவே இருக்கும். நான்காம் நாள் சோற்றுக்கு ஏங்குவீர்கள். அப்போது ராஜ்மா சாவல் (சிவப்புக் காராமணி போன்ற பெரிய பயற்றுக் குழம்புச் சோறு), கடீ சாவல் (மோர்க்குழம்பு போன்ற குழம்புச் சோறு) என்று கேளுங்கள். தாபாக்களில் தயிரும் தனியாகக் கிடைக்கும். பருப்பு, கறி வகைகளில் ஒரு ஃபுல் பிளேட் இருவருக்குப் போதும். கூட்டம் உள்ள கடையில், கண்முன் சுட்டுத் தரும் உணவை உண்ணுங்கள். வெட்டி வைத்த பழத்தையும் திறந்த சட்னியையும் தவிருங்கள். ஹரித்துவாரிலும் ரிஷிகேஷிலும் நகர எல்லைக்குள் அசைவத்துக்கும் மதுவுக்கும் தடை உள்ளது. அங்கே கங்கையின் இழுப்பு மிகக் கடுமையானது, நீச்சல் தெரிந்தவர்களும் படித்துறையில் கட்டியுள்ள சங்கிலியைப் பிடித்தபடியே குளிக்க வேண்டும்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் தலையைத் துணியால் மூடி, காலணியைக் கொடுத்துவிட்டு, வாசலில் ஓடும் நீரில் கால் நனைத்து உள்ளே செல்ல வேண்டும். லங்கர் எனப்படும் இலவச உணவுக்கூடத்தில் இரவு பகலாக எல்லோருக்கும் உணவு உண்டு. தரையில் வரிசையாக அமர்ந்ததும், ரொட்டி கொண்டு வருபவரிடம் ஒரு கையை நீட்டாமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்த வேண்டும்; அதில் அவர் மெல்ல வைப்பார். தட்டில் எதையும் மீதம் வைக்காதீர்கள். உண்ட பிறகு ஒரு மணி நேரம் பூண்டு உரிக்கும் கூட்டத்தோடு அமர்ந்துவிடுங்கள். எங்கள் பயணத்தில் நாங்கள் நால்வரும் கைபேசியைத் தொடாமல் இருந்த நீண்ட நேரம் அதுதான்.

மலைப்பாதையில் வாந்தி வருபவர்கள் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, பேருந்தின் முன்பகுதியில் அமர வேண்டும்.

திரும்பும்போது

ஊர் திரும்பும் ரயிலுக்கு முந்தைய இரவே, ரயில் புறப்படும் நகரத்தில் இருக்க வேண்டும். மலையிலிருந்து அதே நாளில் இறங்கி ரயிலைப் பிடிக்கும் திட்டம் வேண்டாம். கடைசி நாளில் துணிகளைத் துவைத்து உலர்த்தி, வாங்கிய பொருட்களை ஒரே பையில் அடக்குங்கள். திரும்பும் ரயிலில் போபால், நாக்பூர் வரை தூங்கித் தீர்த்துவிட்டு, பொதுப்பணம் வைத்திருந்தவர் நோட்டை விரித்து மொத்தக் கணக்கையும் படிக்கட்டும். விஜயவாடா வருவதற்குள் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டுமோ அதைக் கொடுத்து முடித்துவிடுங்கள். சென்ட்ரலில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் பேருந்து பிடிக்கப் போய்விடுவீர்கள்.